மூணு மாச கணக்கை மூணால வகுக்காதீங்க: ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல இருந்து மாச யாவாரத்தை எடுக்குற வழி

பேங்க்ல ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட் ரினியூவலுக்குப் போனா மொதல்ல கேக்குறதே மாசாமாசம் சேல்ஸ் எவ்வளவுங்கிறதைத்தான். சங்கத்துல உக்காந்து இந்த தீபாவளி போன தீபாவளிய விட எப்படின்னு பேசுனாலும் மாச கணக்குதான் வேணும். ஆனா நம்ம கையில இருக்குறது என்ன, பெரிய கடைக்கு மாசம் ஒரு 3பி (வித்ததையும் கட்டுற வரியையும் சுருக்கமா சொல்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்), சின்ன கடைக்கு மூணு மாசத்துக்கு ஒண்ணு, காம்பொசிஷன்ல (விற்பனையில ஒரு சின்ன சதவீதத்த வரியா கட்டுற சின்ன யாவாரி திட்டம்) இருக்குறவருக்கு ஒரு சிஎம்பி 08, அதுலயும் பாதிப்பேரு லேட்டு. இத வச்சு மாச கணக்கு போடச் சொன்னா நம்ம ஊரு அக்கவுண்டன்ட் ஆபீஸ்ல முக்காவாசிப் பேரு பண்றது ஒண்ணே ஒண்ணு, மூணு மாச தொகைய மூணால வகுத்து எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க. மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்கு அக்டோபரும் நவம்பரும் ஒரே சேல்ஸ்னு காட்டுனா பாக்குற மேனேஜருக்கே சிரிப்பு வரும்.

இத கொஞ்சம் ஒழுங்கா எப்படி பண்றதுன்னு எழுதுறேன். பெரிய படிப்பெல்லாம் வேணாம், எக்ஸெல் தெரிஞ்சா போதும்.

மொதல்ல ஒரு விஷயத்தை மனசுல நிறுத்திக்கங்க. மூணு மாச மொத்தம்ங்கிறது அவரே கையெழுத்து போட்டு குடுத்த நம்பர், மாசப் பிரிவுங்கிறது நம்ம மதிப்பீடு. அதனால நீங்க என்ன வித்தை வேணா காட்டுங்க, கடைசில மூணு மாசத்தையும் கூட்டுனா அந்த ரிட்டர்ன் தொகை அப்பிடியே வந்து நிக்கணும், ஒரு ரூபா கூடவும் கூடாது கொறையவும் கூடாது.

யாரு எப்பப்ப போடுறாங்கன்னு ஒரு பார்வை பாத்துருவோம். வருச டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேலன்னா கட்டாயம் மாசாமாசம், ஜிஎஸ்டிஆர் 1 (வித்த பில்லு விவரம்) அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள, 3பி 20ஆம் தேதிக்குள்ள. 5 கோடி வரைக்கும்னா க்யூஆர்எம்பி (ரிட்டர்ன் மூணு மாசத்துக்கு ஒண்ணு, வரி மட்டும் மாசாமாசம்) எடுத்துக்கலாம், 2021 ஜனவரில இருந்து இருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர் 1 13ஆம் தேதி, ஒரு 3பி தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதி. காம்பொசிஷன் சரக்கு யாவாரத்துக்கு ஒன்றரை கோடி வரைக்கும், அவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு சிஎம்பி 08 18ஆம் தேதி, அப்புறம் வருசத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர் 4. ஒருத்தர் மாசமா மூணு மாசமான்னு தெரியலன்னா போர்ட்டல்ல அவரோட ஜிஎஸ்டி நம்பர போட்டு தேடுனாலே எந்த ரிட்டர்ன் எந்த தேதில போட்டாருன்னு வந்துரும், தொகை மட்டும் வராது. தொகை வேணும்னா கடைக்காரர் தான் குடுக்கணும், அவரு நம்பி குடுத்தத இன்னொரு கடைக்காரர்ட்ட காட்டிறாதீங்க, ஷீட்ல கடைப் பேரே வேணாம், கடை 1 கடை 2ன்னு போட்டுக்கங்க.

இப்ப ஷீட். ஒரு ரிட்டர்னுக்கு ஒரு வரிசை, அதுல கடை, எந்த மாசத்துல இருந்து, எந்த மாசம் வரைக்கும், தொகை, எந்த தேதில ஃபைல் பண்ணுனாங்க, அஞ்சு காலம், அதாவது நெடுக்கு கட்டம், போதும். ஃபைல் பண்ணுன தேதிய வச்சு மாசம் போட்டுறாதீங்க. பிப்ரவரி ரிட்டர்ன மே மாசம் போட்டவரு பிப்ரவரியிலதான் வித்தாரு. பேப்பர்ல வர்ற ஜிஎஸ்டி வசூல் செய்தியையும் இப்பிடித்தான் தப்பா படிக்கிறாங்க, 2025 ஏப்ரல்ல நாடு பூரா சேத்து சுமார் 2.37 லட்சம் கோடின்னு வந்துச்சே, அதுல பெரும்பாலானது மார்ச் மாச யாவாரத்துக்கான வரி, வருசக் கடைசில எல்லாரும் பில்லு போட்டு தள்ளுனதோட விளைவு. ஏப்ரல்ல யாவாரம் பிச்சுக்கிட்டு போச்சுன்னு அத வச்சு சொல்ல முடியாது.

தொகைன்னா எந்தத் தொகைங்கிறதுலதான் நெறைய பேரு கவுந்துடுறாங்க. கட்டுன வரிய எடுக்காதீங்க, வித்த மதிப்ப எடுங்க. ஏன்னா ஜவுளிக்கடைக்காரரு ஆகஸ்ட் செப்டம்பர்ல தீபாவளி சரக்கு எறக்குவாரு, அந்த கொள்முதல் வரி பூரா கிரெடிட்டா, அதாவது கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்குற தொகையா வந்து நிக்கும், செப்டம்பர்ல நல்லா வித்துருந்தாலும் கையில இருந்து கட்டுற காசு கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. கட்டுன காச வச்சு யாவாரத்த கணக்கு போட்டா படம் தலைகீழா வரும். இன்னொரு காரணம் ரேட்டு. 2025 செப்டம்பர் 22ல இருந்து 12, 28 ஸ்லாப் எல்லாம் போயி பெரும்பாலும் 5, 18ன்னு ஆயிருச்சு. 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவி, ஏசி எல்லாம் 28ல இருந்து 18. ரெடிமேட் துணியில முன்ன 1000 ரூபா வரைக்கும் இருந்த 5 சதவீதம் இப்ப 2500 வரைக்கும். அந்த செப்டம்பர் ரிட்டர்ன்ல ரெண்டு ரேட்டும் கலந்து கெடக்கும், வித்த மதிப்பு கூடிருந்தாலும் வரி கொறைஞ்சிருக்கலாம். அதனால வரித்தொகைய ரேட்டால வகுத்து மதிப்பு எடுக்குற பழைய குறுக்கு வழி அந்த மாசத்துக்கு சுத்தமா ஆகாது.

3பில 3.1 டேபிள்ல ஏ, பி, சி, இ நாலு வரிசையிலயும் உள்ள வித்த மதிப்ப கூட்டுங்க. டி வரிசைய சேக்காதீங்க, அது ரிவர்ஸ் சார்ஜ், லாரி வாடகை மாதிரி நம்ம வாங்குன சேவைக்கு நம்மளே கட்டுற வரி, அது செலவு, விக்கிறது இல்ல. அஞ்சு வரிசை இருக்கு மொத்தமா கூட்டிருவோம்னு கூட்டி வச்ச ஷீட்டு எத்தனையோ பாத்தாச்சு. ஹோட்டல்னா 3.1.1ஐயும் பாருங்க, ஸ்விக்கி சொமேட்டோ வழியா போன விற்பனை அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

அடுத்து பிஎம்டி 06. க்யூஆர்எம்பி எடுத்தவங்க மொதல் ரெண்டு மாசத்துக்கும் அடுத்த மாசம் 25ஆம் தேதிக்குள்ள ஒரு சலான் கட்டணும். ஆகா, மாச கணக்கு கெடச்சிருச்சுன்னு அத எடுத்து போட்டுருவாங்க. நெறைய பேரு கட்டுறது 35 சதவீத முறையில, அதாவது போன மூணு மாசத்துக்கு ரொக்கமா கட்டுன வரியில 35 சதவீதம் இந்த மாசம், அதே 35 சதவீதம் அடுத்த மாசம், மிச்சம் மீதி 3பியோட. அப்ப அந்த ரெண்டு சலானும் சொல்றது போன காலாண்டோட கதைய, இந்த மாசம் என்ன வித்துச்சுன்னு அதுல ஒரு துளி தகவல் கெடையாது. ரெண்டு சலானும் ஒரே தொகையா இருந்தா அது இந்த கேஸ்தான், ஒதுக்கி வச்சுருங்க.

சரி, இப்ப பிரிக்கிற வேலை. மதிப்பீடு பண்றதுக்கு முன்னாடி, மதிப்பீடே தேவைப்படாத பகுதிய தனியா கழட்டிருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஜிஎஸ்டிஆர் 1லயும் ரெஜிஸ்டர்டு ஆளுக்கு போட்ட பில்லு ஒவ்வொண்ணும் தேதியோட இருக்கும். அந்த தேதிய வச்சே பி2பி, அதாவது ரெஜிஸ்டர்டு ஆளுக்கு வித்த விற்பனைய மாசம் மாசமா அச்சு அசலா பிரிச்சிரலாம், யூகமே வேணாம். சில பேரு ஐஎஃப்எஃப்ல (காலாண்டு முடியுறதுக்கு முன்னாடியே பில்ல ஏத்துற வசதி) மொதல் ரெண்டு மாச பில்ல அடுத்த மாசம் 13ஆம் தேதிக்குள்ள ஏத்திருப்பாங்க, வாங்குனவரு கிரெடிட் வரலன்னு போன் போட்டு உயிர எடுப்பாருல்ல, அதுக்காக. அதுவும் ஒண்ணுதான். கீழமாசி வீதி மொத்த கடை, கப்பலூர் பக்கம் பட்டறை வச்சுருக்கவங்களுக்கெல்லாம் இதுலயே பெரும்பகுதி முடிஞ்சிரும். யூகம் தேவைப்படுறது பி2சிக்கு மட்டும்தான், சில்லறையா வித்தது மூணு மாசத்துக்கும் சேத்து ஒரே தொகையா டேபிள் 7ல கெடக்கும்.

கிரெடிட் நோட்டு (சரக்கு திரும்பி வந்தா போடுற கழிவு சீட்டு) தனி தலைவலி. அக்டோபர்ல வித்த சரக்கு டிசம்பர்ல திரும்பி வந்தா டிசம்பர்லதான் கழியும். பேங்குக்குன்னா அப்பிடியே விட்டுரலாம். எந்த மாசம் நெசமா சரக்கு ஓடுச்சுன்னு பாக்கணும்னா மூல பில்லு தேதிக்கு கொண்டு போங்க.

அந்த டேபிள் 7 தொகைய பிரிக்க ஒரு வழிகாட்டி வேணும். அதே தொழில்ல, அதே ஏரியால, மாசாமாசம் ஃபைல் பண்றவங்களோட பி2சி தொகைதான் நல்ல வழிகாட்டி. ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். க்யூஆர்எம்பில இருக்குற ஒரு ஜவுளிக்கடை, அக்டோபர் டு டிசம்பர் மொத்தம் 45 லட்சம். அதுல தேதி போட்ட பி2பி பில்லு அக்டோபர் 4, நவம்பர் 2, டிசம்பர் 3, ஆக 9 லட்சம் தெளிவா தெரியுது. மிச்சம் 36 லட்சம் சில்லறை. மாசாமாசம் போடுற அஞ்சு ஜவுளிக்கடையோட சில்லறைய கூட்டுனா அக்டோபர் 90, நவம்பர் 50, டிசம்பர் 60, மொத்தம் 200 லட்சம்னு வச்சுக்குவோம். அப்ப பங்கு 45, 25, 30 சதவீதம். 36ஐ அதே பங்குல பிரிச்சா 16.2, 9, 10.8. பி2பிய சேத்தா அக்டோபர் 20.2, நவம்பர் 11, டிசம்பர் 13.8. கூட்டிப் பாருங்க, 45 நிக்கும். மூணால வகுத்துருந்தா மாசம் 15 லட்சம்னு எழுதிருப்போம், கடைக்காரரே "என்ன தம்பி, நவம்பர்ல நான் எங்க 15 லட்சத்துக்கு வித்தேன், ஈ ஓட்டிக்கிட்டுல்ல உக்காந்துருந்தேன்"னு கேப்பாரு.

வழிகாட்டி அதே வருசத்துதா இருக்கணும், போன வருச பங்க எடுத்து இந்த வருசத்துக்கு போட்டா மதுரையில கண்டிப்பா ஒதை வாங்கும். தீபாவளி 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. மூணும் ஒரே காலாண்டுக்குள்ள தான் விழுது, அதனால காலாண்டு மொத்தத்த பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா மாசக் கணக்கு தலைகீழா மாறிப்போகும். 2025ல தீபாவளி முன்கூட்டியே வந்ததால சரக்கு எடுக்குற கூட்டத்துல ஒரு பகுதி செப்டம்பருக்கே போயிருச்சு, அதாவது வேற காலாண்டுக்கே தாண்டிருச்சு. சித்திரைத் திருவிழாவும் இதே கதைதான், அழகர் ஆத்துல எறங்குனது 2024ல ஏப்ரல் 23, 2025ல மே 12. லாட்ஜ், ஹோட்டல், ஜூஸ் கடை, கோயில சுத்தி இருக்குற பாத்திரக்கடை, வளையல் கடை இவங்களுக்கெல்லாம் ஏப்ரலா மேயாங்கிறது அம்புட்டு வித்தியாசம். ரம்ஜான் இன்னும் மோசம், 2024ல ஏப்ரல் 11, 2025ல மார்ச் 31, காலாண்டே மாறிப்போச்சு, ஒரே நிதியாண்டுல ரெண்டு ரம்ஜான் விழுந்துருச்சு. ஆகவே ஷீட்ல பக்கத்துல ஒரு காலம் போட்டு அந்த மாசம் என்ன விசேசம்னு எழுதி வச்சுக்கங்க, ஆடித் தள்ளுபடி, முகூர்த்த நாள் எத்தனை, எல்லாம்.

தொழில கலக்காதீங்க. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையோட மாசப் பங்க எடுத்து கீழமாசி வீதி மளிகைக்குப் போட்டா அது மளிகைக் கணக்கே இல்ல. அதே மாதிரி பெரிய ஷோரூமோட தீபாவளி ஏத்தமும் சந்துக்குள்ள இருக்குற கடையோட ஏத்தமும் ஒண்ணு கெடையாது, 5 கோடிக்கு மேல உள்ளவங்கள மட்டுமே வழிகாட்டியா வச்சா சின்ன கடைக்கு உச்சம் ஜாஸ்தியா காட்டிரும். முடிஞ்சா 5 கோடிக்கு கீழ இருந்தும் மாசாமாசம் போடுறவங்க ரெண்டு மூணு பேரையாவது சேத்துக்கங்க.

அப்பிடி யாரும் கெடைக்கலன்னா அந்தக் கடையோடயே க்யூஆர் கோடு வசூல் ஸ்டேட்மென்ட் வாங்குங்க. என்னயக் கேட்டா ஒரு தனிக் கடைக்கு மத்த கடை பங்க விட இதுதான் மேல். மொத்த விற்பனைய அது காட்டாது, ரொக்கம் வெளிய நிக்கும், வரியும் உள்ள சேந்துருக்கும், பரவால்ல, நமக்கு வேண்டியது மாசத்துக்கு மாசம் உள்ள பங்குதான். ஈபி பில்ல வச்சு பாக்கலாமேன்னு ஒருத்தரு கேட்டாரு, அது ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு, அத பிரிக்க இன்னொரு ஆள தேடணும்.

இது வரைக்கும் சொன்னது ஒரு காலாண்டுக்கு. ரெண்டு வருசத்துக்கு தொடர்ச்சியா போட்டா ஒரு சிக்கல் வரும், காலாண்டு மாறுற எடத்துல படிக்கட்டு மாதிரி ஒரு எகிறல். அதே கடைய எடுத்துக்கங்க. ஜூலை டு செப்டம்பர்ல சில்லறை 18 லட்சம், வழிகாட்டி கடைங்க 45, 50, 55 ஆக 150 லட்சம், அப்ப இவரு அவங்கள்ல 12 சதவீதம். அடுத்த காலாண்டுல 200க்கு 36, அதாவது 18 சதவீதம். நம்ம முறைப்படி செப்டம்பர் 30 வரைக்கும் 12, அக்டோபர் 1 காலையில 18. இப்பிடி ஒரே ராத்திரில யாரும் வளரமாட்டாங்க. இதுக்கு 1971லயே டென்டன்னு ஒருத்தர் வழி சொல்லிட்டாரு. மாச விகிதம் மெதுவா நகரணும், ஆனா ஒவ்வொரு காலாண்டு மொத்தமும் மாறாம நிக்கணும், இந்த ரெண்டையும் சேத்து பிடிக்கிறதுதான் அவர் முறை.

எக்ஸெல்ல சால்வர் (நிபந்தனைக்குள்ள நல்ல விடைய தேடித் தர்ற வசதி) இருக்குல்ல, அதுல பண்ணிரலாம். ஒரு காலத்துல வழிகாட்டி தொகை, அடுத்ததுல விகிதம், மூணாவதுல ரெண்டோட பெருக்கல். அடுத்தடுத்த மாச விகிதத்தோட வித்தியாசத்த வர்க்கம் எடுத்து எல்லாத்தையும் கூட்டி ஒரு செல்லுல வைங்க, அத எவ்வளவு கொறைக்க முடியுமோ கொறைன்னு சால்வர்ட்ட சொல்லுங்க, நிபந்தனையா ஒவ்வொரு காலாண்டு மொத்தத்தையும் குடுங்க. மேல உள்ள கணக்குக்கு விகிதம் ஜூலைல இருந்து 10.6, 11.5, 13.6, 16.8, 18.5, 19.5ன்னு படிப்படியா ஏறும். செப்டம்பர் 6.6 லட்சம் இருந்தது 7.46 ஆகும், அக்டோபர் 16.2ல இருந்து 15.08, நவம்பர் 9.25, டிசம்பர் 11.67. மொத்தம் 18உம் 36உம் அப்பிடியே இருக்கும். நெறைய கடைய ஒரேடியா போடணும்னா ஆர் மென்பொருள்ல டெம்ப்டிஸ்அக்னு ஒரு பேக்கேஜ் இதுக்குன்னே இருக்கு, டென்டனும் இருக்கும், அதே 1971ல வந்த சௌ லின் முறையும் இருக்கும்.

ஆனா கண்ண மூடிக்கிட்டு வழவழன்னு ஆக்கிறாதீங்க. அக்டோபர் 1ஆம் தேதி மாடியில குழந்தைங்க செக்‌ஷன் புதுசா தொறந்துருந்தாருன்னா அந்த எகிறல் நெசம், அத மழுக்குனா நீங்க தான் தப்பு. அதனால எகிறல் பெருசா இருந்தா மொதல்ல கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு கேளுங்க.

நம்ம ஊருல ஒரு வசதி, எல்லாருக்கும் காலாண்டு ஒரே மாசத்துல முடியும். இங்கிலாந்துல வாட் கட்டுறவங்கள மூணு கும்பலா பிரிச்சு ஒவ்வொரு கும்பலுக்கும் வேற வேற மாசத்துல காலாண்டு முடியிற மாதிரி வச்சுருக்காங்க, ஒருத்தருக்கு மார்ச், ஒருத்தருக்கு ஏப்ரல், ஒருத்தருக்கு மே. அங்க மாச கணக்கு போடுறவங்க பாடு இதே வேலைதான், கூடுதல் குழப்பத்தோட.

ரிட்டர்னே போடாதவங்கள என்ன பண்றது? பூஜ்யம்னு மட்டும் போட்டுறாதீங்க. நில் ரிட்டர்ன் (விற்பனையே இல்லன்னு போட்டது) வேற, ரிட்டர்ன் இல்லாதது வேற. ஷீட்ல ஒண்ணுக்கு 0, இன்னொண்ணுக்கு காலி. காலியா இருக்குறவருக்கு, அதே தொழில்ல ரெண்டு வருசமும் ரிட்டர்ன் போட்ட கடைங்க மொத்தமா போன வருச அதே மாசத்த விட எத்தனை சதவீதம் ஏறுனாங்களோ எறங்குனாங்களோ அத இவரோட போன வருச தொகை மேல போடுங்க. திருவிழா தேதி மாறுன மாசமா இருந்தாலும் இதுல பிரச்சனை வராது, மத்த கடைங்களுக்கும் சேந்துதான் மாறிருக்கு. ரிட்டர்ன் வந்ததும் இந்த மதிப்பீட்ட தூக்கிருங்க. கடைய மூடிட்டாரான்னு மட்டும் ஒரு எட்டு விசாரிச்சுக்கங்க.

அக்டோபர், நவம்பர்ல வர்ற ரிட்டர்ன்ல ஒரு கண்ணு வைங்க. போன நிதியாண்டுல விட்டுப்போனத சரி பண்ண நவம்பர் 30 வரைக்கும் டைம் இருக்கு, அதனால ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பழைய பில்லெல்லாம் அப்பதான் வந்து விழும். அது இந்த வருச தீபாவளி யாவாரம் மாதிரி தெரியும். பில்லு தேதி போன ஏப்ரலுக்கு முன்னாடி இருந்தா அந்த மாசத்துக்கே கொண்டு போயிருங்க.

ஒருத்தரு 5 கோடிய தாண்டி க்யூஆர்எம்பில இருந்து மாசத்துக்கு மாறுனா, மாறுற எடத்துல அதே மாசம் ரெண்டு தடவை ஏறிருக்கான்னு பாருங்க. நான் மாசத்துக்கு ஒரு செல்லு வச்சு, அந்த மாசத்த எத்தனை ரிட்டர்ன் மூடுதுன்னு எண்ணி, 1 இல்லன்னா செவப்பு கலர் வர்ற மாதிரி பண்ணி வச்சுருக்கேன்.

இந்த ஷீட்டு சொல்லாத யாவாரமும் ஊருல நெறைய இருக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஓடுற மல்லிகைக்கு வரியே இல்ல, காய்கறிக்கும் இல்ல, டாஸ்மாக் சரக்கும் பெட்ரோல் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளிய, வருசம் 40 லட்சத்துக்கு கீழ சரக்கு விக்கிறவருக்கு ரெஜிஸ்ட்ரேஷனே கட்டாயம் இல்ல. அதனால இத வச்சு மதுரை யாவாரமே இம்புட்டுதான்னு யாராவது பேசுனா நம்பாதீங்க, உங்க ஷீட்ல உள்ள கடைங்களோட கணக்கு இது, அவ்வளவுதான்.

உங்க முறை சரியா வருதான்னு சோதிக்க ஒரு ஈசி வழி. மாசாமாசம் போடுற ஒரு கடைய எடுத்து, அவரோட மூணு மாசத்தையும் கூட்டி, மாச தொகைய மறைச்சு வச்சுட்டு, அவர வழிகாட்டில இருந்தும் எடுத்துட்டு, மத்தவங்கள வச்சு பிரிச்சுப் பாருங்க. நெசமான மாச தொகையோட எவ்வளவு தள்ளி நிக்குதோ அதுதான் உங்க கணக்கோட லட்சணம். நாலஞ்சு கடைக்கு இப்பிடி பாத்தா எந்த தொழிலுக்கு இந்த முறை எடுபடுது, எதுக்கு எடுபடலன்னு தெரிஞ்சிரும். மளிகைக்கு ஈசியா வரும். கல்யாண ஆர்டர நம்பி இருக்குற நகைக்கடை, காண்ட்ராக்ட் பில்லு போடுற பட்டறைக்கெல்லாம் ஒரே ஒரு பெரிய பில்லு எல்லாத்தையும் கவுத்திரும், அங்க கடைக்காரரோட நோட்டுதான் கதி.

நடப்பு காலாண்டு முடியாம இருக்கும்போதே மாச கணக்கு கேட்டா, உதாரணத்துக்கு பிப்ரவரி கடைசில ஜனவரி எவ்வளவுன்னு கேட்டா, மாசக்கடைங்க ரிட்டர்ன் 20ஆம் தேதியோட வந்துருக்கும், க்யூஆர்எம்பி கடை ஏப்ரல் 22 வரைக்கும் வராது. அதுவரைக்கும் கடைசியா தெரிஞ்ச விகிதத்த வழிகாட்டி தொகையோட பெருக்கி போட்டு வைங்க. ஏப்ரல்ல மொத்தம் வந்ததும் ஜனவரி நம்பர் மாறும், மாறத்தான் செய்யும். பழைய நம்பர அழிக்காம பக்கத்துக் காலத்துல வச்சுருங்க. பேங்குக்கு குடுக்குற ஷீட்டா இருந்தா ரிட்டர்ன்ல நேரா வந்த மாசத்துக்கு ஒரு கலர், நம்ம பிரிச்ச மாசத்துக்கு வேற கலர், கீழ "மதிப்பீடு"ன்னு ஒரு வரி கட்டாயம் எழுதுங்க, பைசா வரைக்கும் எழுதாம லட்சத்துல ஒரு புள்ளியோட நிறுத்திக்கங்க.